இரண்டு விரல் உயரத்தில் பிறை

அதியா பெருநாளையே ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டாளாம். போன மாதம் மஸ்கட்டில் என் காதுக்கு வந்த செய்தி இது. சொன்னவர் கங்கப்பன், கிருஷ்ணகிரிக்காரர், நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் வண்டி ஓட்டுகிறவர். அவரும் நேரில் கேட்டதில்லை. அவருடைய மச்சினன் லீவில் போய் வந்தான். அவனிடம் ராயக்கோட்டை சந்தையில் யாரோ சொன்னார்கள்.

"படிச்ச பொம்பளயாம் மேடம். பெங்களூர்ல நிலாவப் பத்திப் படிக்குதாம். இருவது வருசத்துக்கு முன்ன கொண்டாடுன பெருநாளே தப்புன்னு சொல்லிடுச்சாம். பாதி ஊரு மறுநாளும் நோன்பு வச்சுதாம். அது அப்பன ஜமாத்துல ஒதுக்கிட்டாங்களாம். மனுசன் மண்டியவே மூடிட்டாராம்."

"பேரு சொன்னாரா உங்க மச்சினன்?"

"பேரு தெரில மேடம். தக்காளி மண்டிக்காரு பொண்ணு, கண்ணாடி போட்டுக்கினு இருக்கும்னான்."

பேர் எனக்குத் தேவைப்படவில்லை. ராயக்கோட்டையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிலாவைப் படிக்கிற மண்டிக்காரர் மகள் ஒருத்திதான் உண்டு. அவளிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. கடைசிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: 'எண்பத்தேழை நிரப்பிவிட்டேன் சரசு.' அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டிருந்தேன். கங்கப்பன் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வரியே பயமாகிவிட்டது.

அந்த எண்பத்தேழு என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால் அதியாவைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எழுபத்தொன்பதில் ஓசூர் பஸ் நிலையத்தில்தான் அவளைப் பார்த்தேன். நான் பாகலூர்க்காரி. ஐந்தாவது வரை கன்னடப் பள்ளி, அதற்குமேல் தமிழ்ப் பள்ளி. பெங்களூரில் ரத்தப் பரிசோதனை, நுண்ணோக்கி என்று ஒரு டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். அவள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருடம். வாரநாட்களில் ஓசூரில் அவளுடைய சின்னம்மா வீட்டில் தங்கி, காலை ஆறரை பஸ்ஸில் ஏறுவாள். அவளுடைய அத்தா லால் பாஷாவுக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. பெண்ணை எம்.எஸ்ஸி.க்கு அனுப்பியதற்காக மண்டியில் அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "பாய், நம்ம தக்காளிக்கு இனிமே ஏவுகணை கட்டி அனுப்பிடலாமா?" என்பார்கள். "உன்ன மொதல்ல அனுப்பறேன், ஏறு" என்பாராம் அவர்.

பஸ்ஸில் இடம் கிடைத்தால் அவள் குவாண்டம் இயந்திரவியல் நோட்டைத் திறப்பாள். இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வருவாள். ஓதுகிறாள் என்று நினைத்துக் கண்டக்டர் பயபக்தியோடு தள்ளி நிற்பார். அது ஏதோ ஒரு சமன்பாடு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது சானமாவுக் காட்டில் யானை குறுக்கே வந்து வண்டி நின்றுவிட்டால் மற்றவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். இவள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவாள்.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு ரம்ஜான் காலை எங்கள் பஸ்ஸில் வேடிக்கையாகிவிட்டது. முன்சீட்டில் இருந்த குடும்பம் புதுத்துணி, அத்தர் வாசனை. பின்சீட்டில் இருந்த குடும்பம் நோன்பு, எச்சிலைக்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தது. இரண்டும் உறவுக்காரக் குடும்பம். ஒன்று பெங்களூர்ப் பக்கம் பிறை பார்த்த செய்தியை ஏற்றுக்கொண்டது, மற்றது மதராஸ் செய்திக்காகக் காத்திருந்தது. முன்சீட்டுக்காரர் பின்னால் திரும்பி, "மாமு, ஒரு கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டியிருந்தா இந்நேரம் பிரியாணி" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதியா சிரிக்கவில்லை.

"ஒரே நிலாதானடீ" என்றாள் என்னிடம். "அத யாரு எங்க நின்னு பாத்தாங்க, அதுதான் கேள்வி."

அப்போது அது எனக்கு ஒரு பேச்சாகத்தான் பட்டது.

எண்பத்தொன்றில் வகுப்பில் இரண்டாவதாகத் தேறினாள். ஓசூர்த் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்யும் ஒரு ஃபேக்டரியில், அளவுக்கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவாள். ஷிஃப்டு முடிந்து வந்து, தபால் வழியில் எம்.ஏ. சரித்திரம் படித்தாள். அதிலும் சமய வரலாறு. பஞ்சாங்கங்கள், ஹிஜ்ரி மாதக் கணக்கு, காஜிகள் வைத்திருந்த பதிவேடுகள் என்று தேடித் தேடிப் படித்தாள். எண்பத்தெட்டில் இரண்டையும் சேர்த்து டாக்டர் பட்டத்துக்குப் பதியப் போனாள்.

சரித்திரத் துறையில், "இவ்வளவு கணக்கு இருந்தா யாரும்மா திருத்தறது?" என்றார்கள். இயற்பியல் துறையில் ஆஞ்சப்பன் என்ற பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க ஆகாசத்தப் பாப்போம். பாத்தவங்களப் பாக்கறது எங்க வேலை இல்லயே" என்றாராம்.

"பாத்தவங்க கண்ணும் ஒரு கருவிதானே சார்? நான் கருவிதான் சோதிக்கறேன். ஃபேக்டரில அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க."

ஆஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அடுத்த வாரம் அவரே சரித்திரத் துறைக்கு நடந்து போய் இன்னொரு வழிகாட்டியைப் பேசிப் பிடித்துவந்தார். இரண்டு துறைக்கும் பொதுவாக அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்த முதல் ஆள் அவள்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். எந்த ஃபைலில் போடுவது என்று தெரியாமல் அவள் விண்ணப்பம் ஒரு மாதம் மேசைமேலேயே கிடந்ததாம். அந்த விண்ணப்பம் என் கைக்கு வந்திருந்தால் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பேன்.

அவளுக்குச் சான்றாக வேண்டியிருந்தது ராயக்கோட்டைப் பள்ளிவாசலின் பிறை நோட்டு. முப்பத்தொன்றாம் வருடத்திலிருந்து ரம்ஜான் பிறையையும் பெருநாள் பிறையையும் யார் பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள், எத்தனை விரல் உயரத்தில், கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அதில் எழுதியிருந்தது. கையை முழுசாக நீட்டி, விரலைப் படுக்கவாட்டில் வைத்து, அடிவானத்துக்கு மேலே இத்தனை விரல் என்று சொல்வது அங்கே வழக்கம். மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பதிவுகள். முதல் பன்னிரண்டு வருடம் எழுதியவர் கன்னட எழுத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்துச் சொல்லத்தான் என்னையும் கூட்டிப்போனாள்.

ஜமாத் செயலாளர் கௌஸ் பாஷா நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"ஏம்மா, மவுத்தாப் போனவங்களுக்கெல்லாம் பரீச்ச வைக்கப் போறியா?"

"பரீச்ச எனக்குத்தான் பாய். அவங்க ஏற்கெனவே எழுதிட்டாங்க."

"பேச்சுக்குக் கொறச்சல் இல்ல. நோட்டு இந்த ரூம்ப விட்டுப் போவக் கூடாது. ஞாயித்துக்கெழம வா, கதவத் தொறந்து வெச்சுக்கினு படி. மொதல்ல உங்க அத்தா பாத்த பக்கத்தப் படி. நம்ம நோட்டுலயே அதுதான் பெருமயான பக்கம்."

அது எழுபத்து நான்கு அக்டோபர். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மழைக்காலம், வானம் முழுக்க மேகம். ஓசூரில் பிறை தெரியவில்லை, கிருஷ்ணகிரியில் தெரியவில்லை, மதராஸிலிருந்து செய்தி வரவில்லை. ராயக்கோட்டையில் மட்டும் இரண்டு பேர் பார்த்ததாகச் சாட்சி சொல்லி, மறுநாள் பெருநாள் என்று அறிவித்தார்கள். மறுநாள் மதியம்தான் மற்ற ஊர்களிலிருந்து அதே செய்தி வந்தது. 'நாங்க முந்திட்டோம்' என்று ஊரே நிமிர்ந்து நடந்தது. இரண்டு சாட்சிகளில் ஒருவர் லால் பாஷா. அன்றிலிருந்து அவர் பெயர் 'பிறைக்கார லால் பாஷா'. மண்டிச் சிட்டையில்கூட அப்படித்தான் அச்சடித்திருந்தது. இன்னொரு சாட்சி அதாவுல்லா, மண்டியில் கூடை தூக்குகிறவர். அவருக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை.

நோட்டில் அது வரிசை எண் எண்பத்தேழு.

விரலைப் பாகையாக மாற்ற வேண்டுமே. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதியா ஃபேக்டரியில் சொல்லி வாங்கிய வெர்னியர் அளவுகோலோடு சந்தைக்கு வந்தாள். கூடை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், வியாபாரிகள் என்று நாற்பத்தோரு பேரை வரிசையில் நிறுத்தி, விரல் பருமனையும் தோளிலிருந்து விரல் நுனி வரை கை நீளத்தையும் அளந்தாள். நான் எழுதிக்கொண்டேன்.

"ஏம்மா அதியா, மோதிரம் போடப் போறியா?" என்றார் முனிவேல் என்ற கூடைக்காரர்.

"உன் வெரலுக்கு மோதிரம் இல்லடா, வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைதான் போடணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கைய நல்லா நீட்டுங்கண்ணா. உங்க வெரல் நாளைக்குப் பெங்களூர்ல பாடமா வரும்."

"அப்போ கழுவிக்கினு வரேன், இரும்மா."

கூடைக்காரர்களுக்கு விரல் தடிப்பு, ஆனால் கையும் நீளம். வியாபாரிகளுக்கு விரல் மெலிவு, கையும் குட்டை. வகுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு வந்தது: இரண்டு விரல் என்றால் நான்கு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தக்காளிச் சாறு பிடித்த நாற்பத்தோரு கைகள் ஒரு கருவியாகச் சேர்ந்து நிற்கின்றன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற வேலை பெரிது. சூரியன் இறங்கிய பிறகும் வானத்தில் கொஞ்ச நேரம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். மெலிந்த பிறை அந்த வெளிச்சத்தை மிஞ்சினால்தான் கண்ணுக்கு அகப்படும். காற்றில் தூசி எவ்வளவு, ஈரம் எவ்வளவு, ஒளி எப்படிச் சிதறும், பார்ப்பவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று ஒவ்வொரு பதிவுக்கும் கணக்குப் போட வேண்டும். ஃபேக்டரியில் புதிதாக வந்த கம்ப்யூட்டரை ஞாயிறுகளில் அவளுக்கு விட்டார்கள். "டாக்டரம்மா, இன்னிக்கு எந்த வருசத்து நிலா?" என்று செக்யூரிட்டிகூடக் கேட்பார்.

முடிவு மெல்ல மெல்ல வந்தது. வந்ததைப் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. சோதிக்க முடிந்த பதிவுகளில் பத்தில் ஒன்பதுக்குமேல் சரி. ஆடு மேய்க்கிறவர், மூட்டை தூக்குகிறவர், கோட்டை மலைமேல் விறகு பொறுக்கினவர், இவர்கள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நாற்பதாம் வருடம் சொன்ன கொம்புச் சாய்வு கம்ப்யூட்டர் போட்ட படத்தோடு அப்படியே பொருந்தியது. இதுவரை யாரும் அந்த மனிதர்களைச் சரித்திரம் என்று நினைத்ததில்லை.

எண்பத்தேழாவது பதிவில்தான் சிக்கியது.

அதாவுல்லா நின்றது கோட்டை மலை உச்சி. 'அடிவானத்துக்கு மேல் இரண்டு விரல், கொம்பு தெற்கே சாய்வு.' லால் பாஷா நின்றது சந்தை வாசல். 'மேற்குக் கரட்டுக்கு மேல் இரண்டு விரல்.' சந்தை வாசலுக்கு மேற்கே ஒரு கரடு உண்டு, சின்னக் குன்று. அது எவ்வளவு வானத்தை மறைக்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை அளந்தாள். ஃபேக்டரியின் கட்டடப் பிரிவிலிருந்து கோணம் பார்க்கும் கருவியை வாங்கி, சந்தை வாசலில் முக்காலி மேல் நிறுத்தினாள். வெயில் படாமல் இருக்கக் கருவிக்குக் குடை பிடிக்க வேண்டும். குடை பிடித்தவர் லால் பாஷா. வேண்டாம் என்று சொல்லியும் அவரே வந்து பிடித்தார்.

"எவ்ளோ வருது?" என்றார்.

"ஒம்பது டிகிரி அத்தா."

"அன்னிக்கு நெலா?"

"நாலு."

குடை அசையவில்லை.

"அப்போ கரட்டுக்குப் பின்னால இருந்துருக்குது."

"ஆமாத்தா."

"ஆனா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. மலமேல இருந்து பாத்தா தெரியும். அதாவுல்லா மாமா சொன்ன ரெண்டு வெரலும் சரி, கொம்பும் சரி."

"நானும் ரெண்டு வெரலுன்னுதான சொன்னேன்."

"நீங்க கரட்டுக்கு மேல ரெண்டு வெரலுன்னு சொல்லிருக்கீங்க."

அவர் கரட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார், வலிக்கிறபோது சிலர் சிரிப்பார்களே அப்படி. "அவன் சொன்னதயே சொன்னேம்மா. நிக்கற எடம் மாறுனா அதுவும் மாறும்னு எனக்குத் தோணல."

குடையை மடக்காமலே சொன்னார். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். அன்று அதாவுல்லா மட்டும் சேறும் தண்ணியுமாக மலையிலிருந்து ஓடிவந்து பள்ளிவாசலில் சொன்னார். உள்ளே இருந்த பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். 'கூட தூக்கிக் களைச்ச கண்ணுக்குக் கொக்கு பறந்தாலும் பிறைதான்' என்றார் ஒருவர். அதாவுல்லா வாசலிலேயே நின்று, தன் கையை நீட்டி இரண்டு விரலை வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பொறுக்கல. அவன் அப்போவே பத்து வருசமா என்கிட்ட கூட தூக்கிக்கினு இருந்தான், ஒரு காய் கொறஞ்சதில்ல. நானும் பாத்தேன்னு சொல்லிட்டேன். சொன்னதும் எல்லாரும் என்னத்தான் கட்டிப் புடிச்சாங்க. அவன யாரும் பாக்கல."

நான்தான் அவசரப்பட்டுச் சொன்னேன். "விடுடீ. நூத்துப் பதினெட்டுல ஒண்ண விட்டா என்ன? பக்கம் கிழிஞ்சிருந்துச்சுன்னு போட்டுடு."

அதியா என்னைத் திட்டவில்லை. "என் அத்தாவுக்காக ஒண்ண மறச்சேன்னா, மீதி அத்தன பேரு சொன்னது நெஜமுன்னு நான் சொல்றத யாருடீ நம்புவாங்க? அதாவுல்லா மாமாவ ரெண்டாவது வாட்டியும் வாசல்ல நிக்க வெக்கச் சொல்றியா?"

லால் பாஷா மகளைப் பார்த்தார். "எழுதணும். என் பேரப் போட்டே எழுது. ஆனா நான் பள்ளிவாசல்ல சொன்னப்புறம் எழுது. ஊரு உன் பொஸ்தகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு ரம்ஜானிலும் சொல்லிவிடுவதாகப் புறப்பட்டு, தொழுதுவிட்டுத் திரும்பிவந்தார். சிட்டையில் 'பிறைக்காரர்' என்று அச்சடித்த பெயரோடு எழுந்து நிற்பது லேசான காரியமா? நான் தொண்ணூற்றிரண்டில் மஸ்கட் வந்துவிட்டேன். அவள் கடிதங்களில் ஆய்வேடு வளர்ந்துகொண்டே போனது, நானூறு பக்கம் தாண்டியது. அட்டவணையில் எண்பத்தேழாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது. ஆஞ்சப்பன் கேட்பாராம், "அம்மா, இது ஏன் காலியா இருக்கு?" என்று. "அது இன்னும் வந்து சேரல சார்" என்பாளாம். தொண்ணூற்று நான்கு முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பதினாறு வருடப் படிப்பு ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தது. அத்தாவை ஒரு வார்த்தை அவள் அவசரப்படுத்தவில்லை.

அதனால்தான் 'எண்பத்தேழை நிரப்பிவிட்டேன்' என்ற வரி எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. எப்படி நிரப்பினாள் என்று அதில் இல்லை. கங்கப்பன் சொன்னதைக் கேட்டதும், அத்தா சொல்லாமலேயே எழுதிவிட்டாளோ, ஊர் அவளுடைய ஏட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டதோ என்று இரண்டு நாள் அந்தக் கடிதத்தையே திருப்பித் திருப்பிப் படித்தேன். மூன்றாம் நாள் மண்டி எண்ணுக்குப் போன் போட்டேன்.

"ரேட்டு சாயந்தரந்தான்! இப்போ கேக்காதீங்க!" என்று எடுத்த எடுப்பில் கத்தியது ஒரு குரல்.

"மாமா, நான் சரசு. மஸ்கட்லருந்து."

"சரசாம்மா! நல்லாருக்கியா? ஏம்மா கொரல் ஒரு மாதிரி இருக்குது?"

"நீங்க மண்டிய மூடிட்டீங்கன்னு இங்க சொன்னாங்க."

"மூடுனா போன யாரும்மா எடுக்கறது, தக்காளியா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் நடந்ததைச் சொன்னார். போன ரம்ஜானில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது, "உக்காருங்க, ஒரு சாட்சிய வாபஸ் வாங்கணும்" என்று நின்றுவிட்டாராம். சொல்லி முடித்ததும் கௌஸ் பாஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இருவது வருசமா உன்னப் பிறைக்காரன்னு கூப்ட்டமே!" என்று கத்தினாராம். அப்போ அந்தப் பெருநாள் செல்லுமா செல்லாதா என்று பின்வரிசையில் ஒரே சத்தம். அதாவுல்லா எழுந்து, "நான் பாத்தது பாத்ததுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தொழ வெக்கற ஹஜ்ரத் என்ன சொன்னாரு மாமா?"

"அவரு மொதல்ல எல்லாரையும் உக்கார வெச்சாரு. அப்புறம் என்னப் பாத்து, 'பிறை இருந்துச்சான்னு உங்க பொண்ணு கணக்கு என்ன சொல்லுது'ன்னு கேட்டாரு சரசு. ஹஜ்ரத்து! எம் பொண்ணு கணக்க! பள்ளிவாசல்ல வெச்சு! இருந்துச்சுன்னேன். 'அப்போ பெருநாளு பெருநாளுதான், பொய்ய மட்டும் நீங்க அல்லாகிட்ட பேசித் தீத்துக்கோங்க'ன்னுட்டாரு."

பெருநாளுக்கு மறுநாள் அவர் தன் மனசுக்காக ஒரு நோன்பு வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மண்டியில் எட்டுப் பேர், நாமும் எதற்கும் வைத்துவிடுவோம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த எட்டுப் பேர் கங்கப்பனின் மச்சினனிடம் வந்து சேருவதற்குள் பாதி ஊராகிவிட்டார்கள்.

"இப்போ அதாவுல்லாவத்தான் பிறைக்காரருங்கறாங்க. என்னைய என்னான்னு கூப்புடறாங்க தெரியுமா? ரெண்டு வெரலு லால் பாஷா!" அவர் சிரித்ததில் போன் கரகரத்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதியா அந்த வரியப் படிச்சுக் காமிச்சுதும்மா. 'சாட்சி ஒன்று, அதாவுல்லா, கூடை தூக்குபவர், கோட்டை மலை உச்சி: சாத்தியம். சாட்சி இரண்டு, லால் பாஷா, மண்டிக்காரர், சந்தை வாசல்: சாத்தியமில்லை.' அப்பனுக்காக ஒரு எழுத்த மாத்தல பாத்தியா? இப்படி ஒரு புள்ளைய எவன் பெத்துருக்கான், சொல்லு!"

ஆனால் பட்டம் இன்னும் கையில் வரவில்லை. ஆய்வேட்டைப் படித்த மூன்று பேரில் இருவர் நன்றாக எழுதிவிட்டார்கள். வடக்கிலிருந்து ஒருவர் மட்டும், கூலிக்காரர் விரலை அளவுகோலாக வைத்து இயற்பியல் எப்படிச் செய்ய முடியும், அந்த விரல் அளவுகளே நம்பத்தக்கவைதானா என்று காட்டமாகக் கேட்டிருக்கிறார். நேர்முகத் தேர்வில் அவர் முன்னால் அதற்குப் பதில் சொன்னால்தான் பட்டம். இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்லலாம். அது போய்விட்டால் அந்த நாற்பத்தோரு பேரும் போய்விடுவார்கள்.

"அதியா என்ன சொல்லுது மாமா?"

"அது எங்க சொல்லும்? ராத்திரியும் பகலும் கணக்கப் பாத்துக்கினு இருக்குது. நான்தான் சொன்னேன். அந்தப் பரீச்சைய யாரு வேணாலும் போய் உக்காந்து பாக்கலாமாமே? நானும் அதாவுல்லாவும் போறோம். தக்காளி லாரிலயே போயிடுவோம். வெரல் மேல சந்தேகம்னா இந்தா இருக்குது வெரலு, அளந்து பாத்துக்கட்டும். ஒருத்தன் நெசம் சொன்னவன், ஒருத்தன் பொய் சொன்னவன். ரெண்டு தினுசும் கைவசம் இருக்குது!"

"அதியா ஒத்துக்கிச்சா?"

"மொதல்ல மொறச்சுது. அப்புறம், வெர்னியர நானே எடுத்துக்கினு வர்றேன், நீங்க நகத்த மட்டும் வெட்டிக்கினு வாங்கன்னுச்சு."

தேர்வு இன்றைக்கு, காலை பதினொன்றுக்கு. சாயந்தரம் நோன்பு திறந்த பிறகு மண்டியில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். "நீதான் மொதல்ல கேக்கணும் சரசு. நோட்டப் படிச்சுச் சொன்னவ நீ."

இங்கே மணி ஐந்தேகால். அங்கே ஆறே முக்கால், சூரியன் இறங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதல் தடவையிலேயே லைன் கிடைத்துவிட்டது. மண்டியில் மணி அடிக்கிறது. கரும்பலகை, தராசு, மூலையில் அடுக்கிய கூடைகள், நடுவில் அந்தப் பச்சைப் போன், எல்லாம் எனக்குக் கண்ணில் தெரிகிறது. எடுக்கிற கைதான் இல்லை.

சானமாவில் யானை நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு. வடக்கத்திக்காரர் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று இன்னொன்று. அதியா தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் வருகிறாளோ என்றுகூட மனம் போய்த் திரும்புகிறது. அவள் தலை குனிந்து நான் பார்த்தது நோட்டைப் படிக்கும்போது மட்டும்தான்.

சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறேன். இன்றைக்கு அங்கே ரம்ஜான் இருபத்தொன்பது, பெருநாள் பிறை தேடுகிற மாலை. லாரி நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தால், இந்தக் கால் மணி நேரத்தில் அதாவுல்லா சந்தை வாசலில் நிற்க மாட்டார். நிச்சயம் கோட்டை மலை உச்சியில் இருப்பார். லால் பாஷாவும் இந்தத் தடவை கூடவே மூச்சு வாங்க ஏறியிருப்பார். நடுவில் அவளும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி.

ரிசீவரை வைக்க மனம் வரவில்லை. மண்டியில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.